கூம்பு ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு: கருவியையும் அடியையும் காதால் பிரிப்பது எப்படி?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியில் போட்ட பழைய பாடல் ஒன்றைக் கைபேசியில் பதிவுசெய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பாடலின் பெயரோ பாடியவர் பெயரோ எனக்கு வேண்டியதில்லை. அவற்றைச் சொல்லச் செயலிகள் இருக்கின்றன. நான் அறிய விரும்புபவை வேறு. தொடக்கத்தில் வரும் ஊதுகருவி நாதஸ்வரமா, ஷெனாயா, கிளாரினெட்டா? பாட்டின் அடி ஆறா, எட்டா? நான் ஆறு என்று எண்ணியதால் ரூபகம் என்கிறேன்; என் மைத்துனர் எட்டு என்று எண்ணி ஆதி தாளம் என்கிறார். இருவரும் கைதட்டிப் பார்த்தோம். இருவர் கையும் கடைசிவரை பாட்டோடு பொருந்தியே போகிறது. ஒரே பாட்டில் இரண்டு தாளமும் பொருந்துமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

திருப்புல்லாணி மேளம் எழுதியது:

தம்பி, இருவர் கையும் பொருந்தியதில் வியப்பில்லை. நீங்கள் எண்ணியது நடை. உங்கள் மைத்துனர் எண்ணியது தாளம். ஓர் அடிக்குள் எத்தனை துடிப்பு விழுகிறது என்பது நடை. எத்தனை அடி கழிந்து எடுத்த இடத்துக்குத் திரும்புகிறோம் என்பது தாளம். அடிக்குள் ‘தகிட’ என்று மூன்று விழுந்தால் திஸ்ரம், ‘தகதிமி’ என்று நான்கு விழுந்தால் சதுஸ்ரம், ‘தகதகிட’ என்று ஐந்து விழுந்தால் கண்டம், ‘தகிடதகதிமி’ என்று ஏழு விழுந்தால் மிஸ்ரம், ‘தகதிமிதகதகிட’ என்று ஒன்பது விழுந்தால் சங்கீர்ணம்.

உங்கள் பதிவில் பல்லவியின் ஒவ்வொரு வரியும் எட்டுத் ‘தகிட’வில் முடிகிறது. எட்டு மூன்று இருபத்துநான்கு. அதை நான்கு ஆறாகவும் பிரிக்கலாம் என்பதால்தான் நீங்கள் தட்டிய ஆறும் வரியின் முடிவில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இந்த வழக்குத் தீராது. ஆறு எப்படி உடைகிறது என்று கேட்க வேண்டும். ரூபகத்தை நாங்கள் இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாக மூன்று சம அடிகளாகப் போடுகிறோம். அதில் ஆறு துடிப்பு வந்தால் ‘தக தக தக’ என்று இரண்டிரண்டாக உடையும். உங்கள் பாட்டில் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக உடைகிறது. ஆகவே இது திஸ்ர நடையில் அமைந்த ஆதி. மைத்துனர் சொன்னதே சரி.

தொண்டி ஆசிரியை எழுதியது:

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். முதலடி எதுவென்று இந்தப் பதிவில் காது தடுமாறுவதற்குக் கூம்பு ஒலிபெருக்கியும் ஒரு காரணம். திரைப்பாடல்களில் முதலடியை அறிவிப்பது பெரும்பாலும் கீழொலிதான்: பேஸ் கிதாரின் சுரம், டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு, டோலக்கின் இடது பக்கம். பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கூம்போ, பேச்சு நெடுந்தொலைவு கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்தது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அதிலிருந்து மிகக் குறைவாகவே வெளிவருகிறது. அடிப்படை அதிர்வு வராவிட்டாலும் அதன் மடங்குகளாக எழும் மேலதிர்வுகளைக் கொண்டு மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் பேஸ் வாசிக்கும் மெட்டு நமக்குக் கேட்கிறது. ஆனால் அதன் கனம் கேட்பதில்லை. முதலடியைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கனம்.

இப்படிப்பட்ட பதிவில் கிதாரிலோ கீபோர்டிலோ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) மாறும் இடத்தைப் பற்றிக்கொள்வது நல்லது. இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் முதலடியில்தான் கார்டை மாற்றுவார்கள். குரல் தொடங்கும் இடத்தை முதலடி என்று கொள்ள வேண்டாம். சமத்தில், அதாவது சுற்றின் முதலடியில், எடுக்காமல் அரையடியோ முக்காலடியோ தள்ளி எடுக்கும் பாடல்கள் நம்மிடம் ஏராளம். அத்தகைய எடுப்பை முதலடியாகக் கொண்டு எண்ணினால் எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் கைமட்டும் பாட்டு முழுவதும் தவறான இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

கரைவலை எழுதியது:

எனக்குத் தாளத்தின் பெயர்கள் தெரியாது. அம்பா பாட்டுத் தெரியும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் வரி எடுப்பார், மற்றவர்கள் எதிர்வரி சொல்லும்போது கயிறு வரும். எதிர்வரியில் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே குதிகால் மணலில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பின்னால் நிற்பவரின் பாரமும் நம்மேல் வந்துவிடும். ஆகவே நாங்கள் அடியைக் காலால்தான் எண்ணுகிறோம்.

நீங்களும் பாட்டைப் போட்டுவிட்டு நடந்து பாருங்கள். ஓர் அடிக்கு ஒரு காலெட்டு வைத்து, பாட்டின் முதலடியில் இடதுகாலைத் தொடங்குங்கள். சுற்று முடிந்து முதலடி திரும்பும்போது மறுபடியும் இடதுகாலே வந்தால் அடி இரட்டைப்படை. ஒருமுறை இடது, மறுமுறை வலது என்று மாறிமாறி வந்தால் ஒற்றைப்படை. உங்கள் பதிவுக்கு நான் நடந்து பார்த்தபோது எப்போதும் இடதுகாலிலேயே வந்தது. கடற்கரை வேண்டியதில்லை, வீட்டு முற்றம் போதும்.

கீழக்கரை காக்கா எழுதியது:

இந்த ‘தகிட தகிட’ எனக்கு மிகவும் பழக்கமான நடை. எங்கள் இளமையில் இந்தக் கரையில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாக எடுத்தது. இடையில் இருப்பது பாக் நீரிணை மட்டும்தானே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 30 கிலோமீட்டர் அளவுதான். அந்த அலைவரிசையில் கேட்ட பைலாப் பாடல்கள் இந்த ஆறு துடிப்பில்தான் ஓடும். போர்த்துக்கீசியர் காலத்துக் கலப்பில் பிறந்த ‘கஃப்ரிஞ்ஞா’ என்னும் ஆட்ட இசையின் அடியை எடுத்துச் சிங்களச் சொற்களுக்குப் பொருத்தியவர் வாலி பாஸ்டியன் என்ற காவல்துறைக்காரர். பைலா அதன் பிறகுதான் பரவியது. தமிழில் வந்த சிலோன் பாப் பாடல்களிலும் அந்த அடி கேட்கும். தம்பி இணைத்திருக்கும் பாட்டில் கிதார் அடிப்பதைக் கவனியுங்கள். முதல் துடிப்பை மெல்லத் தொட்டுவிட்டு அடுத்தவற்றை அழுத்துகிறார். தென்னாட்டுக் கும்மி அப்படி அழுத்தாது. என் தீர்ப்பு பைலா.

திருப்புல்லாணி மேளம் எழுதியது:

காக்கா சொல்லும் கிதார் அழுத்தத்தை நானும் கேட்டேன். ஆனால் மூன்று மூன்றாக ஓடுவதையெல்லாம் கடல் தாண்டி வந்ததாகக் கொள்ளக் கூடாது. கும்மியும் நம் பக்கத்து ஒயிலாட்டத்தின் பல அடவுகளும் திஸ்ரத்தில் போகின்றன. நையாண்டி மேளம் வேகம் பிடிக்கும் இடத்திலும் திஸ்ரம்தான். இந்த மாவட்டத்து ஆள் ஒருவர் திஸ்ரத்தில் பாட்டுக் கட்டினால் அவர் வானொலி கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அடியின் எண்ணிக்கையைக் கொண்டு பிறந்த ஊரைச் சொல்ல முடியாது. அழுத்தம் விழும் இடத்தைக் கொண்டு ஓரளவு சொல்லலாம். இந்தப் பாட்டில் கிதார் ஓர் ஊரைச் சொல்கிறது, தோற்கருவி இன்னோர் ஊரைச் சொல்கிறது.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

அடியைப் பொறுத்தவரை தெளிவாகிவிட்டது. மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊதுகருவியைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய்திறக்கவில்லையே? அந்தத் தோற்கருவி எது என்றும் சொல்லுங்கள்.

மண்டபம் மைக்செட் எழுதியது:

ஊதுகருவி மூன்றில் எதுவும் இல்லை என்பது என் கருத்து. அது கீபோர்டு. நாதஸ்வரத்தின் ஒரு சுரத்தைப் பதிவுசெய்து, அதையே மேலும் கீழும் நகர்த்தி எல்லாக் கட்டைகளிலும் பரப்பியிருக்கிறார்கள். பழைய கீபோர்டுகளில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பதிவான துண்டைக் கூடிய வேகத்தில் ஓட்டித்தான் மேல்சுரத்தை உண்டாக்குவார்கள் என்பதால், அந்தத் துண்டில் இருக்கும் அசைவும் சேர்ந்து வேகம் பிடிக்கும். இணைத்த பதிவில் சரணத்துக்கு முன் வரும் இடையிசையைக் கேளுங்கள். மெட்டு மேலே ஏற ஏற நடுக்கம் விரைவாகிறது, இறங்கும்போது தளர்கிறது. மனிதர் ஊதினால் அசைவின் வேகம் ராகத்தையும் ஊதுபவர் மனத்தையும் பொறுத்தது. சுரத்தின் உயரத்தைப் பொறுத்து அது இப்படிக் கணக்காக மாறாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. கருவியை அடையாளம் காட்டுவதில் ஒலியின் நடுப்பகுதியைவிடத் தொடக்கத்துக்குப் பங்கு அதிகம். நீண்ட சுரம் ஒன்றின் தொடக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் போட்டால் பழகிய காதுகூடப் பல கருவிகளைக் குழப்பிக்கொள்ளும். கணினியில் ஒலித்தொகுப்புச் செயலி வைத்திருப்பவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். இந்தப் பதிவில் ஒவ்வொரு சுரமும் அச்சு அசலாக ஒரேமாதிரித் தொடங்குகிறது. உயிருள்ள ஒருவர் இரண்டு முறை ஒரேபோல ஊதுவதில்லை.

நாடா இழுபட்டதால் வந்த நடுக்கம் என்று யாரேனும் சொல்லக்கூடும். கேசட் நாடா இழுபட்டால் குரல், கிதார், ஊதுகருவி எல்லாம் சேர்ந்து ஆடும். இங்கே ஊதுகருவி மட்டும் ஆடுகிறது.

தொண்டி ஆசிரியை எழுதியது:

மைக்செட் அண்ணன் கூறியதை ஏற்றுக்கொண்டாலும், தம்பி கேட்ட மூன்று கருவிகளையும் பிரிப்பது எப்படி என்ற கேள்வி நிற்கிறது. கிளாரினெட்டின் குழல் ஒரே அகலமானது, வாய்ப்பக்கம் மூடியதுபோல் நடந்துகொள்வது. அதனால் கீழ்ச்சுரங்களில் ஒற்றைப்படை மேலதிர்வுகளே ஓங்கி நிற்கின்றன; அந்த ஒலிக்கு உள்ளே வெறுமையான, மரத்தாலான தன்மை வருவது அதனால்தான். நாதஸ்வரமும் ஷெனாயும் கீழே விரிந்துகொண்டே போகும் குழல்கள். அவற்றில் இரட்டை, ஒற்றை இரண்டு வகை மேலதிர்வுகளும் நிறைந்திருப்பதால் ஒலி செறிவாகவும் கூர்மையாகவும் வருகிறது. காற்றை அழுத்தி மேலே தாவும்போது நாதஸ்வரம் ஸ்தாயி மாறி அதே சுரத்துக்குப் போகும். கிளாரினெட் அதையும் தாண்டி மேல்ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போகும்.

தனித்த நாதஸ்வர ஒலியைக் காதில் பதிய வைக்க விரும்புவோர் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்ததைக் கேட்கலாம். குரலும் கருவியும் ஒரே சங்கதியை அடுத்தடுத்து எடுப்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கர்நாடக இசையில் கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜனைக் கேளுங்கள். அவர் கமகத்தை நாதஸ்வர வழியிலேயே வளைப்பதால், நெளிவைக் கொண்டு கருவியைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் அங்கே உதவாது. ஒலியின் உடம்பைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

திருப்புல்லாணி மேளம் எழுதியது:

அம்மா சொன்னதோடு எங்கள் பக்கத்து அடையாளங்களையும் எழுதிவிடுகிறேன். நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளிமேல் நாக்கைத் தட்டிச் சுரங்களைப் பிரிப்பதைத் துத்துகாரம் என்போம். விரைவான இடங்களில் அது மணிமணியாகக் கேட்கும். ஷெனாய் சிறிய கருவி, மூக்கொலி கூடியது, சுரத்துக்குச் சுரம் மென்மையாகத் தொடுவது. நாதஸ்வரத்திலேயே குட்டையான திமிரி உயர்ந்த சுருதியில் ஒலிக்கும், டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவலாக்கிய நீண்ட பாரி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். பக்கத்தில் தவில் கேட்டால் நாதஸ்வரம், தபலா கேட்டால் ஷெனாய் என்று முடிவுகட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. கச்சேரிக்கு அது சரி, திரைப்பாடலுக்குப் பொருந்தாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எதையும் எதனோடும் சேர்ப்பார்கள்.

மைக்செட் தம்பியின் கருத்தில் பாதியைத்தான் ஏற்கிறேன். இடையிசை கீபோர்டுதான். பாட்டின் முதல் பிடியோ, அதாவது தொடக்கத்தில் ஊதும் சிறு இசைத்தொடரோ, அப்படியில்லை. அதில் இரண்டு துத்துகாரம் விழுகிறது, கடைசிச் சுரம் உதட்டால் இறக்கப்படுகிறது. அதை ஒரு வித்வான் ஊதியிருக்கிறார்.

தோற்கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தவில் இல்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி அடிக்கிறோம், இடப்பக்கமான தொப்பியைக் கழியால் அடிக்கிறோம். ஆகவே இரண்டு பக்கமும் வெடித்துக் கேட்கும். மிருதங்கமும் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலை சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும், ‘தீம்’ என்ற சொல் விழுந்த பிறகும் ஒலி சிறிது நிற்கும். தபலாவில் அந்த நிற்றல் இன்னும் நீளம். இடக்கை மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது கீழொலி வழுக்கிக்கொண்டு ஏறும். பதிவில் இருப்பது இவை எதுவும் அல்லாத, அடித்தவுடன் அறுந்துபோகும் தட்டையான ஒலி. நடுவில் இரண்டு இடத்தில் முனகல் ஒன்று வருகிறது பாருங்கள், அது உறுமி. வளைந்த குச்சியைத் தோலில் தேய்ப்பதால் வரும் ஒலி. மற்றது பறை. தடித்த அடிகுச்சியும் மெல்லிய சிம்புக்குச்சியும் தனித்தனியாகக் கேட்கின்றன.

தொண்டி ஆசிரியை எழுதியது:

மிருதங்கத்துக்குச் சுருதி இருப்பதும் பறைக்கு இல்லாததும் ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இழுத்துக் கட்டிய வெறும் வட்டத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் அமைகின்றன. அதனால் காது அதில் ஒரு சுரத்தைப் பிடிப்பதில்லை. வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காகப் பூசும் கரும்பசை அந்த அதிர்வுகளை முழு மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது. இதை விளக்கி சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். காதால் பிரிக்க விரும்புவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி எளியது: தோற்கருவியின் அடியைக் கேட்டு, அதை உங்களால் வாயால் சுரமாக முனக முடிகிறதா என்று பாருங்கள்.

மண்டபம் மைக்செட் எழுதியது:

பறை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ கட்டிய பழைய பறை. இப்போது வரும் ஃபைபர் தோல் அன்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் ஈரம் ஏறித் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி வாட்டினால்தான் பறை பேசும், சற்று நேரத்தில் மறுபடியும் இறங்கும். பதிவின் தொடக்கத்தையும் கடைசியையும் ஒட்டிவைத்துக் கேட்டேன். பாட்டின் சுருதி மாறவில்லை, பறையின் ஒலி மட்டும் தாழ்ந்திருக்கிறது. ஃபைபரில் அப்படி நடப்பதில்லை.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

ஐந்தும் ஏழும் எப்படிக் கேட்கும் என்று பழக ஏதேனும் எளிய வழி உண்டா? திரைப்பாடல்களில் அவை அரிதாகவே அகப்படுகின்றன.

தொண்டி ஆசிரியை எழுதியது:

ஐந்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது. லாலோ ஷிஃப்ரின் 1966இல் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த தொடக்க இசை ஐந்தடியில் ஓடுவது. ‘தகிட தகிட தக தக’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பத்து அரையடி, அதாவது ஐந்து அடி. நீளம் நீளம் குட்டை குட்டை என்று அந்தக் கீழ்மெட்டு அப்படியே அதில் உட்காரும். 1996இல் திரைப்படம் வந்தபோது யூ2 இசைக்குழுவின் லாரி மல்லனும் ஆடம் கிளேட்டனும் அதே மெட்டின் பெரும்பகுதியை நான்கடிக்கு மாற்றி வாசித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுக் கரைவலை அண்ணன் சொன்னபடி நடந்தால், முதலாவதில் முதலடி இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் மாறிமாறிப் போவதும், இரண்டாவதில் ஒரே காலில் நிற்பதும் உடலுக்கே தெரிந்துவிடும்.

ஏழுக்கு மிஸ்ர சாபு தாளம். ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வழி. விரைவாகப் போகும்போது ஏழு துடிப்பாக எண்ண முயல வேண்டாம், எண்ணம் பின்தங்கிவிடும். ஒரு குட்டை, ஒரு நெட்டை என்று இரண்டாகவே கேட்கலாம்.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

நடந்து பார்த்துவிட்டேன், ஐந்து பிடிபட்டது, ஏழு இன்னும் இல்லை. ஆனால் என் பதிவிலேயே புதிய சிக்கல் ஒன்று தோன்றியிருக்கிறது. இரண்டாவது சரணத்தில் ஜால்ரா சேர்ந்தவுடன் பாட்டு ‘தக தக தக’ என்று போவதாகத் தோன்றுகிறது. மேளக்கார ஐயா சொன்ன கணக்குப்படி அந்த இடம் மட்டும் ரூபகமாகிவிட்டதா? மைத்துனரிடம் சொல்லாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

கீழக்கரை காக்கா எழுதியது:

பைலாவில் இந்த உரசல் வழக்கமானது. ஆறு துடிப்பை ஒருவர் மும்மூன்றாகவும் இன்னொருவர் இரண்டிரண்டாகவும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். மேளம் ஐயா இனியாவது கிதாரின் பக்கம் சாய்வார் என்று நம்புகிறேன்.

திருப்புல்லாணி மேளம் எழுதியது:

ஜால்ரா மாறியது உண்மை, தாளம் மாறவில்லை. அந்த இடத்தில் பறையை மட்டும் கேளுங்கள். அடிகுச்சி இன்னமும் மூன்றுக்கு ஒருமுறைதான் விழுகிறது. மூன்று துடிப்புக்கு ஒன்றாக இரண்டு அடி பறையில், இரண்டு துடிப்புக்கு ஒன்றாக மூன்று அடி ஜால்ராவில். ஆறாவது துடிப்பு முடிந்ததும் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. நடந்துகொண்டே கேட்டால் கால் பறையோடு போகும், கையை மட்டும் ஜால்ராவுக்குக் கொடுக்கலாம். மைத்துனரிடம் தாராளமாகச் சொல்லலாம், அவர் வென்றுவிட்டார். காக்காவுக்கு: கிதாரை ஏற்கிறேன், பறையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் பிடியில் நாதஸ்வரமா கீபோர்டா என்ற வழக்கு மீதமிருக்கிறது. கூம்பின் வழியாக வந்த பதிவில் துத்துகாரத்தின் நுனி மழுங்கிப்போயிருக்கிறது என்பதால் மைக்செட் தம்பி ஒத்துக்கொள்ள மறுக்கிறார். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போட்டவரிடம் கேசட் இருக்குமானால், கம்பி வழியாக நேரடியாக நகலெடுத்து முதல் பிடியை மட்டும் இங்கே இணையுங்கள்.

மண்டபம் மைக்செட் எழுதியது:

நகலெடுக்கும்போது இரைச்சல் குறைப்புப் பொத்தானை அணைத்துவிடுங்கள். அது மேலொலியை வெட்டினால் நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.